மார்க் ஷீட்டில் வராத கல்வி

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் சேலத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே விசாரிப்புதான். "பையன் எவ்வளவு வாங்கியிருக்கான்?" "பாப்பா எவ்வளவு?" அம்மாப்பேட்டையோ அஸ்தம்பட்டியோ, கேள்வி மாறாது. பதிலாக ஓர் எண் வரும். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை என்ன கற்றது என்பதை அந்த எண்ணை வைத்தே முடிவு கட்டிவிடுவோம்.

அந்த எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது மிகக் கொஞ்சம். மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், கேட்ட கேள்விக்கு நினைவிலிருந்து எவ்வளவு எழுத முடிந்தது என்பதைச் சொல்கிறது. முன்பின் பார்த்திராத ஒரு சிக்கலில் மாட்டினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும், நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யுமா, தன்னைவிட எளியவரிடம் எப்படிப் பேசும், ஒரு செய்தியைக் கேட்டவுடன் நம்பிவிடுமா, இதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. வாழ்க்கை நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

பாடப் படிப்பைத் தாண்டியது கல்வி என்று அடிக்கடி சொல்கிறார்கள். அதற்கு உண்மையில் என்ன பொருள் என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேடைகளில் இந்தப் பேச்சு ஒழுக்கம், பண்பு என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. அது எனக்குப் போதவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை வைத்துத் தொடங்கலாம்.

சேலத்துக் கொலுசு எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் வீட்டின் முன்கட்டே பட்டறையாக இருக்கும். ஒரு கொலுசு ஒரே வீட்டில் முழுதாக உருவாவது குறைவு. ஓரிடத்தில் கம்பி இழுப்பார்கள், இன்னோரிடத்தில் கண்ணி கோப்பார்கள், வேறொரு வீட்டில் பற்றவைப்பார்கள், மெருகு போடுவது இன்னொரு வீடு. இதில் பற்றவைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கண்ணிகள் சேருகிற இடத்தில் பற்றவைப்புப் பொடியை வைத்து நெருப்பைக் காட்டுகிறார் ஒருவர். நெருப்பை நேராக இணைப்பின் மேலேயே பிடித்தால் மெல்லிய கம்பி உருகி உருண்டையாகிவிடும். அதனால் சுற்றிச் சுற்றிக் காட்டி, இரண்டு பக்கமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருக்கிறார். வெள்ளி மங்கலான சிவப்புக்கு வருகிறது. பொடி சட்டென்று மின்னி, தண்ணீர் மாதிரி இடுக்குக்குள் ஓடுகிறது. அந்த நொடியே நெருப்பை விலக்கிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கண்ணி போச்சு. எத்தனை டிகிரி என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "நிறம் வந்ததும் எடுத்துடணும் கண்ணு, அவ்வளவுதான்" என்பார்.

அதே வீட்டில் உள்ளறையில் அவருடைய மகன் வேதியியல் படித்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உருகுநிலை என்ற சொல்லுக்கு அவனால் பிழையில்லாமல் வரையறை எழுத முடியும். வெள்ளி உருகுவது சுமார் 961 டிகிரியில், செம்பு சுமார் 1,085 டிகிரியில். ஆனால் 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் கலந்தால் அந்தக் கலவை 780 டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிறது. இரண்டு உலோகமும் தனித்தனியே உருகும் சூட்டைவிட இது எவ்வளவோ கீழே. பற்றவைப்புப் பொடியின் சூட்சுமமே இதுதான். கம்பி உருகுவதற்கு முன்னால் பொடி உருகியாக வேண்டும். அதற்காகத்தான் வெள்ளியோடு செம்பு, துத்தநாகம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள்.

அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்ததும் மகனின் புத்தகத்தில் இருப்பதும் ஒரே விஷயம். நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் பல வீடுகளில் இவை இரண்டும் சந்திப்பதே இல்லை. அப்பா "நீ உள்ளே போய்ப் படி" என்கிறார். மகனுக்குப் பட்டறை என்றால் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இடம். என்றாவது ஒருநாள் அவன் வெளியே வந்து, "அப்பா, பொடியில செம்பைக் கூட்டினா இன்னும் சீக்கிரமா உருகுமா?" என்று கேட்டு, அவர் "உருகும் கண்ணு, ஆனா ரொம்பக் கூட்டினா இணைப்பு சிவந்து தெரியும்" என்று சொன்னால், அந்த இடத்தில் கல்வி நடக்கிறது. பையனுக்கு உருகுநிலை என்பது புத்தகத்தில் ஒரு வரி என்ற நிலையிலிருந்து கையில் பிடிக்கக்கூடிய உண்மையாகிறது. அப்பாவுக்கும் லாபம் உண்டு. சில வகைப் பற்றவைப்புக் கலவைகளில் காட்மியம் சேர்ப்பார்கள். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது நிறத்தைப் பார்த்தோ பழக்கத்தாலோ தெரிய வராது. படித்தால்தான் தெரியும். ஜன்னலைத் திறந்து வை என்று மகன் சொல்வதற்குப் புத்தகம் வேண்டியிருக்கிறது.

நான் புரிந்துகொண்ட வரையில் கல்வி என்பது இதுதான். தெரிந்துகொண்ட ஒன்று, அது கற்றுத்தரப்பட்ட இடத்தை விட்டு வெளியே வந்து, புதிய இடத்தில் கைகொடுப்பது. அப்படிக் கைகொடுக்கும்போது நம்மோடு இருப்பவர்களுக்கும் நல்லதாக அமைவது. வகுப்பறையில் தொடங்கி வகுப்பறையிலேயே முடிந்துபோகும் அறிவு பாதிக் கல்வி. பட்டறையில் தொடங்கிப் பட்டறையிலேயே நின்றுபோவதும் அப்படித்தான். இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் கீழே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

அதற்கு முன் அறிஞர்கள் இதை எப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1996இல் யுனெஸ்கோவுக்காக ழாக் தெலோர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. கல்விக்கு நான்கு தூண்கள் என்று அதில் சொன்னார்கள். அறியக் கற்பது, செய்யக் கற்பது, சேர்ந்து வாழக் கற்பது, முழு மனிதராக இருக்கக் கற்பது. நம் தேர்வுகள் அளப்பது முதல் தூணின் ஒரு பக்கத்தை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போன்றவை இரண்டாவதைத் தொடுகின்றன. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பள்ளியில் பீரியடும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. அவை தானாக வந்துவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறோம்.

இது வெளிநாட்டுக்காரர்கள் வந்து சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. திருக்குறளின் அதிகார வரிசையைப் பாருங்கள். 40ஆவது அதிகாரம் கல்வி, 41 கல்லாமை. அதோடு முடிந்துவிடவில்லை. 42ஆவதாகக் கேள்வி என்று தனி அதிகாரம். படிக்காதவராக இருந்தாலும் கேட்டாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறது அதில் ஒரு குறள். அடுத்து 43ஆவதாக அறிவுடைமை. ஏட்டைப் படிப்பது ஒரு வேலை, பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது இன்னொரு வேலை, இரண்டிலிருந்தும் எது மெய் என்று பிரித்தெடுப்பது வேறொரு வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று அந்த வரிசை சொல்லவில்லை.

முதல் தூணை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்தில் மார்க்குக்காகவே நடக்கும் உறைவிடப் பள்ளிகள் பெருகிய காலத்தில், கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன அந்தப் பகுதியில் 'பிராய்லர் பள்ளி' என்ற பெயரே புழக்கத்துக்கு வந்தது. பல இடங்களில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு ஓட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். மார்க் வந்தது. ஆனால் பொறியியல் கல்லூரியில் முதல் வருடக் கணக்கும் இயற்பியலும் நிற்பது பதினோராம் வகுப்புப் பாடத்தின் மேல். அங்கே போய்ப் பிள்ளைகள் திணறினார்கள். 2017இல் மாநில அரசு பொதுத்தேர்வில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியதும், 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும் இந்தப் பின்னணியில்தான். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமே தவிரக் குறை சொல்ல மனம் வரவில்லை. பதினாறு வயதில் அதிகாலை எழுந்து நள்ளிரவு வரை எழுதியவர்கள் அவர்கள். அவ்வளவு உழைப்பையும் வாங்கிக்கொண்டு பாதிக் கல்வியைத் திருப்பிக் கொடுத்தோம்.

சரி, அப்படியானால் பள்ளியைக் குறைத்துக்கொண்டு கைத்தொழிலையும் அனுபவத்தையும் கூட்டிவிட்டால் போதுமா? இந்தக் கேள்விக்குச் சேலத்துக்காரர்கள் மிகக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917இல் இந்த ஊர் நகராட்சித் தலைவராகவும் ஆன ராஜாஜி, பின்னாளில் சென்னை மாநில முதல்வராக இருந்தபோது 1953இல் ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு ஏட்டுப் படிப்பையும் கைவேலையையும் சேர்ப்பது போலத்தான் இருந்தது. ஆனால் துணி வெளுப்பவர் வீட்டுப் பிள்ளை மீதி நேரத்தில் எதைக் கற்றிருக்கும்? துப்புரவு வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை? அதனால்தான் குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கடுமையாக எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது, ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராஜர் முதல்வராக வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

இதோடு இன்னொன்றை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டு. அமெரிக்காவில் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியிலும் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சு வேலை செய்தார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது? அங்கே கைத்தொழில் பள்ளிக்குள் வந்தது, எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக வந்தது. நூல் நூற்பதைத் தொட்டுக் கணக்கு, பஞ்சு விளையும் மண்ணைத் தொட்டுப் புவியியல், துணி வியாபாரத்தைத் தொட்டு வரலாறு என்று அது விரிந்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளையும் தறியில் உட்கார வேண்டும், நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் வரலாறு கிடைக்க வேண்டும். பிள்ளையை அப்பாவின் தொழிலுக்கே திருப்பி அனுப்புவது வழியை அடைக்கிறது. எந்தப் பிள்ளையையும் எந்தத் தொழிலையும் தொட்டுப் பார்க்க விடுவது வழியைத் திறக்கிறது. பாடத்துக்கு அப்பாற்பட்ட கல்வி என்று யார் பேசினாலும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் முன்னால் இருக்கும் வழிகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா?

நெசவு ஊரான இளம்பிள்ளையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு இது தத்துவப் பேச்சே இல்லை. பாவு ஓட்டவும் அறுந்த இழையை முடியவும் அது பார்த்துப் பார்த்தே கற்றுவிடும். அது நல்ல விஷயம். ஆனால் பள்ளிக்குப் போக வேண்டிய நேரத்தில் தறியில் உட்கார வைத்துவிட்டு "அனுபவக் கல்வி" என்று அதற்குப் பெயர் வைத்தால், அதைக் குழந்தை உழைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

மலைக்கு மேலே போனால் இதே சங்கதி இன்னும் கூர்மையாகத் தெரியும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையில் காப்பி 1820களிலிருந்து இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தது. நவம்பரிலிருந்து பழம் பறிக்கும் காலம். பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும் கொத்தில் சிவந்ததை மட்டும் விரல் தேடி எடுக்க வேண்டும். தோலை நீக்கிய கொட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு, அதன் மேலிருக்கும் வழவழப்பு நுரைத்துக் கழலும்வரை விடுவார்கள். முடிந்ததா என்று பார்க்கக் கருவி ஏதும் வேண்டாம். ஒரு பிடி கொட்டையை அள்ளிக் கையில் தேய்ப்பார்கள். வழுக்காமல் பொடிக்கல் மாதிரி சொரசொரவென்று இருந்தால் கழுவலாம். குறைவாக ஊறினால் ஈரம் காயாது, அதிகமானால் காப்பியில் புளிப்பு ஏறிவிடும். அது கைக்குத் தெரியும். உள்ளே நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

இந்த மலையின் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டுமானால் மலையாளிப் பழங்குடி மக்களைத்தான் சொல்ல வேண்டும். (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) எந்த மரம் எப்போது பூக்கும், எந்தச் சரிவில் சாமை வரும், மழை எந்தப் பக்கமிருந்து திரும்பும் என்பதெல்லாம் அவர்கள் வீடுகளில் பேச்சோடு பேச்சாகக் கைமாறும் அறிவு. கீழே இருந்து போகிற நாம் அதைக் கேட்டு வியந்து, "இதுதான் உண்மையான கல்வி" என்று புகழ்ந்துவிட்டு இறங்கிவிடுகிறோம். அந்தப் புகழ்ச்சி எனக்கு உவப்பாக இல்லை. காப்பி விலை எங்கே, எப்படித் தீர்மானமாகிறது என்று தெரியாமல், கூலிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல், மலையைப் பற்றி மட்டும் எல்லாம் தெரிந்திருந்தால் அந்த அறிவின் பலன் வேறு யாருக்கோ போய்ச் சேரும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு நிலத்தின் மேல் உரிமை கோரும் மனு முதலில் போக வேண்டிய இடம் கிராம சபை. எந்த நிலத்தை எத்தனை தலைமுறையாகப் பயன்படுத்துகிறோம் என்பதற்குப் பெரியவர்களின் வாய்மொழிச் சாட்சியத்தையும் அந்தச் சட்டத்தின் விதிகள் ஏற்கின்றன. இங்கே தாத்தாவின் நினைவும் வேண்டும், பேத்தியின் எழுத்தும் வேண்டும், கூட்டத்தில் எழுந்து நின்று அதிகாரியைப் பார்த்துப் பேசும் துணிச்சலும் வேண்டும். மூன்றில் எது கல்வி என்று கேட்டால், மூன்றும்தான். முதலாவதை வீடு கொடுத்தது. இரண்டாவதைப் பள்ளி கொடுத்தது. மூன்றாவதை யார் கொடுக்கிறார்கள்? யாரும் கொடுக்காமல் விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான். வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளையை "உட்காரு" என்று அடக்கிக்கொண்டே வந்தால், பதினெட்டு வயதில் கிராம சபையில் அது எழுந்து நிற்காது.

இதுவரை பேசியதெல்லாம் கற்றது கைகொடுப்பதைப் பற்றி. யாருக்குக் கைகொடுக்கிறது என்ற கேள்வி பாக்கி. அதைப் பேசச் சேலம் மாவட்டத்துக்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கப்பட்டது இங்கேதான். பெண் குழந்தை வேண்டாமென்றால் கொன்றுவிடாதீர்கள், அரசுத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசு மக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வறுமையும் படிப்பறிவின்மையும்தான் காரணம் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். படிப்பு வந்தது. ஸ்கேனும் வந்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் போட வேண்டியதாயிற்று. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் சுமார் 850தான்.

நாடு முழுவதற்குமான கணக்குகளை வைத்து 2011இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. முதல் குழந்தை பெண்ணாக இருந்த வீடுகளில் இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறக்கும் விகிதம் குறைந்துகொண்டே வந்ததை அது காட்டியது. அந்தச் சரிவு பள்ளிக்கே போகாத தாய்மார்களைவிடப் பத்தாண்டோ அதற்கு மேலோ படித்த தாய்மார்களிடம் அதிகமாக இருந்தது. இதைப் படித்த பெண்கள் மேல் பழியாகப் போடக் கூடாது. தாயின் படிப்பு அந்த வீட்டின் வசதியையும் சேர்த்தே காட்டும் அளவுகோல். முடிவு எடுப்பதும் பல வீடுகளில் அவர் கையில் இல்லை. ஆனால் ஒன்று மறுக்க முடியாதது. ஸ்கேன் கருவியை இயக்கியவர் டாக்டருக்குப் படித்தவர். பணம் கட்டியவரும் பெரும்பாலும் படித்தவர். கருவில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அறிவியல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெண் என்பவளும் தன்னைப் போல ஓர் உயிர் என்பது தெரிந்திருக்கவில்லை. அந்த இடத்தில் பட்டம் இருந்தது, கல்வி இல்லை என்று நான் தயங்காமல் சொல்வேன்.

2011க்குள் சேலத்தில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற அந்த எண் 900ஐத் தாண்டியது. சட்டமும் கண்காணிப்பும் ஒரு பங்கு. கிராமச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் மகளிர் குழுவினரும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசியது இன்னொரு பங்கு. அந்தத் திண்ணைப் பேச்சுக்குப் பாடத்திட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே உட்கார்ந்து, கோபப்படாமல், விட்டுக்கொடுக்காமல், திரும்பத் திரும்பப் பேசுவது. முறைசாராக் கல்வி என்று புத்தகத்தில் ஒரு வகை சொல்வார்கள் அல்லவா, அதன் நிஜமான முகம் இப்படித்தான் இருக்கும். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் தெருவிளக்கின் கீழ் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் இந்த வகைதான்.

தோற்கத் தெரிவதும் கல்வியில் சேர்த்தி. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பாடத்தில் போனால் சில வாரத்திலேயே துணைத்தேர்வு எழுதலாம், வருடம் வீணாகாது. இந்தத் தகவல் ரிசல்ட் வருவதற்கு முன்பே வீட்டில் எல்லோர் வாயிலிருந்தும் பிள்ளை காதில் விழுந்திருக்க வேண்டும். பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கினால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அந்த எண்கள் பெற்றோருக்கும்தான்.

இனி வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். சம்மர் கேம்ப், அபாகஸ், ரோபோட்டிக்ஸ் என்று நோட்டீஸ்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் நல்லதும் இருக்கலாம். ஆனால் செலவில்லாத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்வேன். எட்டாவது படிக்கும் பிள்ளையின் கையில் இருநூறு ரூபாயும் ஒரு பையும் கொடுத்து, காலையில் சூரமங்கலம் உழவர் சந்தைக்கோ தாதகாப்பட்டி உழவர் சந்தைக்கோ கூட்டிப்போங்கள். மூன்று நாளைக்கு வேண்டிய காய் வாங்கும் பொறுப்பு அதனுடையது என்று சொல்லிவிட்டு நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். தக்காளி விலை ஏறியிருந்தால் எதைக் குறைப்பது என்று அது யோசிக்கும். முக்கால் கிலோவுக்கு எவ்வளவு என்று மனதில் கணக்குப் போடும். "அக்கா, இந்த அவரை நேத்துப் பறிச்சதா, இன்னைக்கா?" என்று கேட்கக் கூச்சப்படும், அப்புறம் கேட்கும். ஆத்தூர் பக்கமிருந்தோ வாழப்பாடி பக்கமிருந்தோ விடியுமுன் கிளம்பி மூட்டையோடு வந்தவரின் முகத்தைப் பார்க்கும். கொஞ்சம் சொத்தைக் கத்தரிக்காயும் வாங்கிவரும். பரவாயில்லை, திட்டாதீர்கள். அடுத்த முறை காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்கும்.

இன்னொரு நாள் ஏற்காட்டுக்குப் போனால் படகோடு திரும்பிவிடாதீர்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் அங்கே அமைத்த ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மரக்கிளையில் ஒட்டி வாழ்ந்தும் மரத்திடமிருந்து உணவை உறிஞ்சாத செடி அது என்று தெரிந்தால், ஒட்டுண்ணிக்கும் தொற்றுத் தாவரத்துக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைக்கு மறக்காது. விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும் அது பார்த்திருந்த சங்கதி.

வீட்டோடு நின்றுவிடாமல் பள்ளியிலும் கேட்க ஒரு வழி இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பு இந்தக் குழுவுக்குத்தான். பெரும்பாலும் அங்கே கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசுவார்கள். அதெல்லாம் அவசியம்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு பீரியட் நிஜமாகவே நடக்கிறதா, கணக்கு வகுப்பாக மாறிவிடுகிறதா? நூலகப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, பிள்ளைகள் கேட்டால் புத்தகம் கிடைக்கிறதா? ஊரில் இருக்கும் ஒரு நெசவாளரையோ வெள்ளிப் பட்டறைக்காரரையோ செவிலியரையோ மாதத்தில் ஒருநாள் வகுப்புக்கு வரவழைத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்க ஏற்பாடு செய்ய முடியுமா? தலைமையாசிரியர் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கும்வரை உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவையும் உட்காரச் சொல்லுங்கள்.